கேட்காமலே வெட்டப்படும் வரம்பு

"கம்ப்யூட்டருக்கு ஏதுங்க சாதி?" என்ற வாதத்தை இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கிறேன். முன்பு வங்கி மேலாளர் நம் ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார், முகத்தைப் பார்த்தார், "அடுத்த வாரம் வாங்க" என்று அலையவிட்டார். இப்போது கைப்பேசியில் பான் எண்ணைத் தட்டினால் பத்து நிமிடத்தில் கிரெடிட் கார்டு வருகிறது, இதில் சாதி எங்கே வந்தது என்கிறார்கள். இப்படிச் சொல்பவர்களில் நம் தோழர்களும் உண்டு. கார்டு கொடுக்கும் இடத்தில் சாதி இருக்கிறதா என்பதைத் தனியாகப் பேசலாம். நான் பேச வந்தது கொடுத்த பிறகு நடப்பதை. கொடுத்த லிமிட்டை ஒரு நாள் காலையில் ஒரு குறுஞ்செய்தியில் வெட்டிவிடுகிறார்களே, அதை.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஒரே வங்கியில் உங்களுக்கு இரண்டு மூன்று கார்டுகள் இருந்தாலும் பெரும்பாலும் பின்னால் இருப்பது ஒரே தொகைதான். லிமிட் ஒரு லட்சம் என்றால் எல்லா கார்டுக்கும் சேர்த்தே ஒரு லட்சம். ஒன்றில் 60,000 ரூபாய்க்குத் தவணையில் லேப்டாப் வாங்கினால் மற்றதில் மிச்சம் 40,000. தம்பிக்கோ அம்மாவுக்கோ எடுத்துக்கொடுத்த ஆட்-ஆன் கார்டும் அதே பானையில்தான் கைவிடுகிறது. கார்டுகள் எத்தனை இருந்தாலும் வங்கியின் கணக்கில் நீங்கள் ஒரே ஆள். உங்கள் மேல் மொத்தம் எவ்வளவு பணத்தை வைக்கலாம் என்பதே அதன் கேள்வி.

வேறு வேறு வங்கிகளின் கார்டுகளாக இருந்தால் தப்பித்தோமா? இல்லை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இந்தியாவில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குபவை. நாம் எந்த வங்கியில் எவ்வளவு வாங்கினோம், எத்தனை நாள் தாமதித்தோம், எந்த கார்டில் எவ்வளவு லிமிட், அதில் எவ்வளவு நிலுவை என்பதெல்லாம் அங்கே போய்ச் சேருகிறது. 2025 ஜனவரி முதல் மாதம் ஒருமுறை என்பது போய், பதினைந்து நாளுக்கு ஒருமுறை அனுப்பியாக வேண்டும் என்றாகிவிட்டது. கார்டு கொடுத்த வங்கிகள் இந்த விவரத்தை அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. லிமிட்டை நிர்ணயிக்கும்போது மற்ற நிறுவனங்களில் வாடிக்கையாளருக்கு இருக்கும் வரம்புகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. காகிதத்தில் நல்ல விதிதான், ஒருவர் தலைமேல் அளவுக்கு மீறிக் கடன் ஏறாமல் தடுக்க வந்தது. அது நடைமுறையில் என்ன செய்கிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவரிடம் மூன்று வங்கிகளின் கார்டுகள் இருக்கின்றன. லிமிட் முறையே 1,00,000, 60,000, 40,000. நிலுவை முறையே 30,000, 15,000, 15,000. மொத்த லிமிட் 2,00,000, மொத்த நிலுவை 60,000. அதாவது 30 சதவீதப் பயன்பாடு. ஸ்கோர் போடுபவர்களுக்கு இந்த சதவீதம் முக்கியம். ஏறினால் ஸ்கோர் இறங்கும். இப்போது முதல் வங்கி, தன் காரணத்துக்காக, 1,00,000-ஐ 35,000 ஆக்குகிறது. மொத்த லிமிட் 1,35,000 ஆகிறது, பயன்பாடு 44 சதவீதத்துக்கு ஏறுகிறது. அந்த ஒரு கார்டில் மட்டும் பார்த்தால் 86 சதவீதம். அவர் ஒரு டீ கூடக் கூடுதலாகக் குடிக்கவில்லை. ஆனால் 'கையிருப்பையெல்லாம் கரைத்துவிட்டார்' என்கிறது அறிக்கை. இதைப் பார்த்து இரண்டாவது வங்கி 60,000-ஐ 20,000 ஆக்குகிறது. பயன்பாடு 63 சதவீதம். மூன்றாவதும் தன் பங்குக்கு 40,000-ஐப் பாதியாக்கினால் 80 சதவீதம். மூன்று தவணையும் தவறாமல் கட்டிய ஒரு மனிதர், இரண்டே மாதத்தில், எந்த வங்கியும் திரும்பிப் பார்க்காத ஆளாகிவிடுகிறார். அவர் கட்டக் கட்ட, கட்டிய தொகைக்குப் பக்கத்திலேயே லிமிட்டையும் இறக்கிக்கொண்டு வரும் பழக்கமும் உண்டு. கட்டியதும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் கையிலிருந்ததை எல்லாம் கட்டியவன் வெறுங்கையோடு நிற்பான்.

இந்த ஆள் யாராக இருக்க வாய்ப்பு அதிகம்?

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஆராய்ச்சி உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் இருப்பது முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்குப் புதிதல்ல. ஒருமுறை ஏழு மாதம் வரவில்லை. விடுதி மெஸ் கட்டணம், களப்பணிக்குப் பேருந்துச் செலவு, தங்கையின் செமஸ்டர் கட்டணம் எல்லாம் இரண்டு கார்டுகளில் ஓடின. தவணை தவறவில்லை. குறைந்தபட்சத் தொகையாவது கட்டிக்கொண்டே வந்தேன். ஐந்தாவது மாதம் ஒரு தனியார் வங்கி என் லிமிட்டை முக்கால்வாசி வெட்டியது. அடுத்த மாதமே இன்னொரு வங்கி. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால், "சிஸ்டம் ஜெனரேட்டட் சார், எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் அந்தப் பக்கத்துத் தம்பி. காரணம் கேட்டேன். "இன்டர்னல் பாலிசி சார்." யாரிடம் பேசலாம் என்றேன். அதற்கும் அவரிடம் பதில் இல்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவருக்கும் அநேகமாக ஒப்பந்தச் சம்பளம்தான்.

என்னோடு அதே துறையில் ஆய்வு செய்த இன்னொருவருக்கும் உதவித்தொகை வரவில்லை. அவரிடமும் கார்டு இருந்தது. அப்பா பெயரில் வங்கியில் பல லட்சம் வைப்புத்தொகை, அதே வங்கியில் குடும்பத்துக்கே தனி மேலாளர். அவருடைய லிமிட்டை யாரும் தொடவில்லை. தொட அவசியமும் இல்லை. வைப்புத்தொகையை ஈடாக வைத்து வாங்கிய கார்டு என்றால் வங்கிக்குப் பயமே கிடையாது, பணம் அதன் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆக, யாருக்கு லிமிட் உயிர்நாடியோ அவர்களுக்கு வெட்டு. யாருக்கு அது சும்மா ஒரு வசதியோ அவர்களுக்குப் பாதுகாப்பு. இதைப் பொருளாதாரம் என்பார்கள், 'ரிஸ்க்' என்பார்கள். ஈடு வைக்க ஒருவரிடம் ஏதாவது இருக்கிறதா இல்லையா என்பது இந்த நாட்டில் எப்படித் தீர்மானமானது என்று மட்டும் கேட்க மாட்டார்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அந்த நிலம் இன்று யார் யார் கையில் இருக்கிறது என்று தேடிப்போனவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். ஈடு இல்லாதவனின் கதை அங்கே தொடங்குகிறது. வங்கியின் மென்பொருள் அதன் கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்கிறது.

இனி விதிகளைப் பார்ப்போம். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் கிரெடிட் கார்டுகளுக்கென்று விரிவான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. லிமிட்டை உயர்த்த வேண்டுமானால் வாடிக்கையாளரின் வெளிப்படையான முன் சம்மதம் வேண்டும் என்கிறது. கார்டு விண்ணப்பத்தை நிராகரித்தால் குறிப்பிட்ட காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது. லிமிட்டைக் குறைத்தால்? தெரிவித்தால் போதும். எத்தனை நாள் முன்னால் என்று இல்லை, காரணம் சொல்ல வேண்டும் என்று இல்லை. அதாவது கார்டே இல்லாதவனுக்கு 'ஏன் இல்லை' என்று கேட்க உரிமை உண்டு. மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டியவனுக்கு 'ஏன் வெட்டினாய்' என்று கேட்க உரிமை கிடையாது.

சரி, குறைதீர்ப்பாளரிடம் போகலாமே என்பீர்கள். 2021ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் எதையெல்லாம் புகாராக ஏற்கமாட்டோம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நிறுவனத்தின் வணிக முடிவு என்பது அதில் ஒன்று. லிமிட் வெட்டு வணிக முடிவில்லாமல் வேறென்ன என்று வங்கி வாதாடும். கதவு அங்கேயே சாத்திக்கொள்ளும்.

எந்த நேரத்திலும் முன்னறிவிப்பின்றி ரத்து செய்யும் உரிமையை வங்கிகள் ஒப்பந்தத்தில் எழுதிவைப்பதற்குப் பின்னால் ஒரு லாபக் கணக்கும் உண்டு. பாசெல் விதிகளின்படி, நிபந்தனையில்லாமல் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யக்கூடிய, இன்னும் எடுக்கப்படாத கடன் வரம்புக்கு வங்கி மூலதனம் ஒதுக்க வேண்டியதில்லை என்றே நெடுங்காலம் இருந்தது. நமக்கு முன்னறிவிப்பு கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்தால் அவர்களுக்குச் செலவு. நம்மை எப்போதும் தொங்கலிலேயே வைத்திருந்தால் செலவில்லை. பிறகு 2023 நவம்பரில், வங்கிகளின் கிரெடிட் கார்டு கடன்களுக்கான ரிஸ்க் எடையை ரிசர்வ் வங்கி 125-இலிருந்து 150 சதவீதமாக உயர்த்தியது. மும்பையில் ஒரு சுற்றறிக்கை வந்தால், அதன் சுமையை யார் தலையில் இறக்குவது என்று ஒவ்வொரு வங்கியும் தன் பட்டியலை எடுத்துப் பார்க்கும். பட்டியலின் அடியில் யார் இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இதே ரிசர்வ் வங்கியின் பழைய சுற்றறிக்கை ஒன்றை நம் இளைஞர்கள் படிக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான கடன் வசதிகள் பற்றியது. அவர்களுடைய கடன் விண்ணப்பத்தை நிராகரிப்பதானால் கிளை அளவில் செய்யக்கூடாது, அடுத்த மேல்நிலையில்தான் செய்ய வேண்டும், காரணத்தையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. கிளை மேலாளர் ஊர்க்காரராக இருப்பார், ஊரின் கண்ணோடுதான் பார்ப்பார் என்ற அனுபவத்திலிருந்து வந்த வரி அது. அந்த விதி எந்த அளவுக்கு மதிக்கப்பட்டது என்பது வேறு விஷயம். ஆனால் 'இல்லை' என்று சொல்ல ஒரு மனிதர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, அவர் பெயரைச் சொல்லிப் போராட முடிந்தது. கார்டு லிமிட்டை வெட்டும் இடத்தில் இந்தப் பாதுகாப்பின் நிழல் கூட இல்லை.

சாதி என்ற கட்டமே இல்லாத படிவத்தில் சாதி எப்படி வேலை செய்யும் என்று இன்னும் கேட்பவர்களுக்கு அமெரிக்கக் கதை ஒன்று. அங்கே 1974-இல் சம கடன் வாய்ப்புச் சட்டம் வந்து, 1976-இல் இனம், நிறம், மதம் ஆகியவற்றுக்கும் அதன் பாதுகாப்பு விரிந்தது. கடன் படிவத்தில் இனத்தின் பெயரால் பாகுபாடு காட்டினால் குற்றம். 2008-இல் நெருக்கடி வந்தபோது என்ன நடந்தது? காம்ப்யூகிரெடிட் என்ற நிறுவனத்தின் மீது அமெரிக்க மத்திய வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. டயர் ரீட்ரெடிங் கடை, அடகுக் கடை, மதுக்கூடம், திருமண ஆலோசனை மையம் போன்ற இடங்களில் கார்டைத் தேய்த்தவர்களின் லிமிட்டை, அப்படிச் செய்வோம் என்று சொல்லாமலே அது குறைத்தது என்பது குற்றச்சாட்டு. புது டயர் வாங்கக் காசில்லாமல் பழைய டயருக்கு ரீட்ரெட் போடுபவன் யார்? அதே ஆண்டில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஒரு கறுப்பின இளைஞரின் லிமிட்டை 10,800 டாலரிலிருந்து 3,800 டாலராகக் குறைத்தது. நீங்கள் அண்மையில் பொருள் வாங்கிய கடைகளில் கார்டைப் பயன்படுத்தும் மற்றவர்கள் சரியாகத் திருப்பிக் கட்டுவதில்லை என்பது அவருக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அவர் ஒழுங்காகக் கட்டியவர். அவரைப் போன்றவர்கள் எந்தக் கடைக்குப் போவார்களோ அந்தக் கடைக்குப் போனதுதான் பிழை. படிவத்தில் இனம் கேட்கவே இல்லை, கேட்கத் தேவைப்படவும் இல்லை.

அங்கே அந்தக் காரணத்தை எழுத்தில் வாங்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் அது செய்தியானது. 2009-இல் வந்த கார்டுச் சட்டம், இப்படிக் கடைகளை வைத்து லிமிட்டைக் குறைக்கும் வழக்கத்தைப் பற்றி ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும் என்று அந்நாட்டின் மத்திய வங்கிக்கு உத்தரவிட்டது. அமெரிக்கா சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை, சிவப்புக் கோடு போட்டுக் கறுப்பினக் குடியிருப்புகளுக்கு வீட்டுக்கடனை மறுத்த நாடு அது. கேள்வி கேட்க ஒரு கைப்பிடி அங்கே இருந்தது என்கிறேன்.

நம் ஊருக்கு வருவோம். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து உதறச் சொன்னது. அதனால் தமிழ்நாட்டில் பெயரை வைத்து ஒருவரின் சாதியைச் சொல்வது கடினம். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் முகவரி? அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்கப்போவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில்தான் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்தச் சொல் என்னவாக இருந்தது என்று அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது. சென்னையின் கூவக் கரையிலிருந்து பிடுங்கி எறியப்பட்டவர்களின் கண்ணகி நகர், பெரும்பாக்கம், செம்மஞ்சேரி என்ற பெயர்களைக் கேட்டதும் வேலை கொடுப்பவர் முகம் மாறுவதை அங்கே வளர்ந்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். கடன் விற்கும் துறையில் 'நெகட்டிவ் ஏரியா' என்ற சொல் சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. பட்டியல் வெளியில் வராது. வேலை செய்பவர்களுக்கு மனப்பாடம். ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நாட்டில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடும், அதற்குக் கீழே ஒரு தெருப் பெயரும், எந்தக் கடையில் செலவழிக்கிறாய் என்ற விவரமும், சம்பளம் மாதம் தவறாமல் வருகிறதா விட்டுவிட்டு வருகிறதா என்பதும் சேர்ந்தால் போதும். சாதிச் சான்றிதழைத் தாசில்தாரிடம் போய் வாங்க வேண்டியதில்லை.

வங்கிகளுக்கு நம் சாதி தெரியவே தெரியாது என்பதும் முழு உண்மையல்ல. முன்னுரிமைத் துறைக் கடனில் நலிந்த பிரிவினருக்கு 12 சதவீதம் என்ற இலக்கு இருக்கிறது. அதைக் கணக்குக் காட்டும்போது எஸ்.சி., எஸ்.டி. விவரம் அவர்களிடம் பத்திரமாக இருக்கும். கடன் தருவதில் பாலினம், சாதி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று நியாயமான நடைமுறை நெறிகளில் 2003 முதலே எழுதியும் இருக்கிறது. யாருடைய லிமிட் எவ்வளவு வெட்டப்பட்டது என்று சாதி வாரியாக எண்ணிப் பார்க்கச் சொன்னால்தான் 'நாங்கள் சாதி பார்ப்பதில்லை' என்ற பதில் வருகிறது. சாதிவாரிக் கணக்கெடுப்பு கேட்டபோது நாம் கேட்ட அதே பதில்.

நம் தோழர்களிடம் ஒரு வார்த்தை. "கிரெடிட் கார்டே முதலாளித்துவப் பொறி, அதில் லிமிட் வெட்டினால் நல்லதுதானே" என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். பொறிதான், மறுக்கவில்லை. மாதம் மூன்றரை சதவீதத்துக்கு மேல் வட்டி, வருடத்துக்கு நாற்பதைத் தாண்டும். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. எனக்கு அந்த வட்டியின் மேல் எந்தக் காதலும் இல்லை. ஆனால் லிமிட் வெட்டப்பட்ட மறுநாள் அந்தக் குடும்பம் எங்கே போகும்? தண்டல்காரரிடம் போகும். பத்து வட்டிக்குப் போகும். 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தும் இன்றுவரை வட்டி வசூலுக்கு வீட்டு வாசலில் வந்து நின்று பேசும் பேச்சு என்னவென்று தெரிந்தவர்கள் 'நல்லதுதானே' என்று சொல்ல மாட்டார்கள். அந்தப் பேச்சில் சாதிப் பெயர் இருக்கும். சொந்த வீடும் அப்பாவின் ஓய்வூதியமும் உள்ளவர்களுக்குக் கடனை வெறுப்பது சுலபம்.

வங்கியின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. ஈடில்லாத கடன், ஒருவர் வேலையிழந்தால், தவணை தவறினால், லிமிட்டைக் குறைக்கத்தான் வேண்டும். தவணை தவறியவர்களைப் பற்றியல்ல என் பேச்சு. தவறாமல் கட்டியவரின் லிமிட்டைக் குறைப்பதானால் முப்பது நாள் முன்னறிவிப்பும் எழுத்தில் குறிப்பிட்ட காரணமும் கொடுக்க என்ன தடை? வங்கி தானாகக் குறைத்த லிமிட்டால் ஏறிய பயன்பாட்டுச் சதவீதத்தை ஸ்கோரில் கணக்கிடாமல் விட்டால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துபோகும்; இது மென்பொருளில் ஒரு வரி மாற்றம். ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பரில் ஜெர்மனியின் ஷூஃபா நிறுவனத்தைப் பற்றிய வழக்கில், வங்கி தன் முடிவுக்குப் பெரிதும் சார்ந்திருக்கும் ஸ்கோரைப் போடுவதே தானியங்கி முடிவுதான், அதற்கு மனிதன் பதில் சொல்லியாக வேண்டும் என்ற திசையில் தீர்ப்பளித்தது. இங்கே பழைய சுற்றறிக்கையின் 'அடுத்த மேல்நிலை' என்ற விதியை லிமிட் வெட்டுக்கும் நீட்டச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், வெட்டுகளைச் சாதி வாரியாக, பாலின வாரியாக, அஞ்சல் குறியீடு வாரியாக எண்ணி ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பெயர் வேண்டாம், எண் போதும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், எடுத்துப் பாருங்கள். லிமிட் தவறாகப் பதிவாகியிருந்தால் புகார் கொடுங்கள். முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று விதி இருக்கிறது. வெட்டுச் செய்தி வந்தால் தொலைபேசியில் பேசிவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். காரணம் கேட்டு வங்கியின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள், பதில் வராவிட்டால் குறைதீர்ப்பாளருக்கும் அனுப்புங்கள். 'வணிக முடிவு' என்று தள்ளுபடி செய்வார்கள். அந்தத் தள்ளுபடிக் கடிதத்தைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், நம் அமைப்புகளில் ஒரு கோப்பில் சேருங்கள். நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் நம் கையில் இருக்கப்போகும் முதல் கணக்கெடுப்பு அந்தக் கோப்புதான்.